அடையாள அட்டை கேட்டவர் மீது நாட்டைத் துண்டாடிய வழக்கு

கேள்வி இது: "குர்துகள் என்றாலே துப்பாக்கியோடு மலையில் நிற்கும் படம்தான் ஞாபகம் வருகிறது. அமைதியாக அரசியல் செய்த குர்துகளையும் பிடித்து அடைத்து அடித்தார்கள் என்கிறார்களே, அது உண்மையா? ஆயுதக் குழுக்களோடு ஏதாவது தொடர்பு இல்லாமலா பிடித்திருப்பார்கள்?"

உண்மைதான். ஆனால் "குர்துகள்" என்று மொத்தமாகப் பேசினால் பதில் குழம்பிவிடும். அவர்கள் துருக்கி, ஈரான், ஈராக், சிரியா என நான்கு நாடுகளில் பிரிந்து கிடக்கிறார்கள், நான்கிலும் கதை வேறு. துருக்கியை எடுத்தால் அங்கே ஆயுதம் தூக்கிய குர்து இயக்கமான பி.கே.கே. பற்றிய வாதம் உடனே குறுக்கே வரும். நான் சிரியாவை எடுத்துக்கொள்கிறேன், அதுவும் 2011-க்கு முந்தைய சிரியாவை. காரணம் எளிது. அங்கே சிரிய அரசை எதிர்த்து ஆயுதம் தூக்கிய குர்து இயக்கம் அப்போது எதுவுமே இல்லை. முதல் குர்து கட்சி 1957-இல் தொடங்கப்பட்டது. அப்புறம் அது உடைந்து, உடைந்ததும் உடைந்து, 2000-களில் ஒரு டஜனுக்கும் மேல் கட்சிகள் இருந்தன. எல்லாமே தடை செய்யப்பட்டவை, எல்லாமே துண்டறிக்கையும் கூட்டமும் ஊர்வலமும் நடத்தியவை. ஆகவே "தொடர்பு இருந்திருக்குமோ" என்ற சந்தேகத்துக்கு அங்கே இடம் ரொம்பக் குறைவு.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. துருக்கியோடு ஆயுதப் போர் நடத்திய பி.கே.கே.யின் தலைவர் அப்துல்லா ஒசலானுக்கு ஏறக்குறைய இருபது வருடம் அடைக்கலம் கொடுத்ததே அதிபர் ஹஃபீஸ் அல் அசாத்தின் சிரியாதான். 1998 அக்டோபரில் துருக்கி எல்லையில் படையைக் குவித்து மிரட்டிய பிறகுதான் அவர் வெளியேற்றப்பட்டார். துப்பாக்கி பக்கத்து நாட்டை நோக்கி இருந்தவரை தலைநகர் டமாஸ்கஸில் இருந்த அரசுக்கு அது பிரச்சினையே இல்லை, பேரம் பேச உதவும் சரக்கு. அதே காலத்தில், "எங்கள் பிள்ளைகளுக்குப் பிறப்புப் பதிவு கொடுங்கள்" என்று கேட்ட குர்து சிறைக்குப் போனார். என் பார்வையில் இந்த விஷயத்தின் மையம் இதுதான். ஆயுதக்காரனோடு எப்படி நடந்துகொள்வது என்று அந்த அரசுக்குத் தெரியும். தட்டியைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பவனை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

சரி, அந்தத் தட்டியில் என்ன எழுதியிருந்தது? அதற்கு 1962-க்குப் போக வேண்டும்.

அந்த வருடம் அக்டோபர் 5-ஆம் தேதி, வடகிழக்கில் இருக்கும் ஹஸகா மாகாணத்தில் மட்டும், ஒரே ஒரு நாளில் ஒரு கணக்கெடுப்பு நடத்தினார்கள். 1945-க்கு முன்பிருந்தே சிரியாவில் வசிக்கிறேன் என்று காகிதத்தோடு நிரூபித்தால் நீ குடிமகன். இல்லாவிட்டால் அந்நியன், துருக்கியிலிருந்து கள்ளத்தனமாக வந்தவன். கிராமத்து விவசாயி எந்தக் காகிதத்தை எடுத்துக் காட்டுவான்? கணக்கெடுப்பு நடக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. சுமார் 1,20,000 குர்துகள் குடியுரிமை இழந்தார்கள். சிரியக் குர்துகளில் ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே வீட்டில் அண்ணன் குடிமகன், தம்பி அந்நியன். 1950-களில் சிரிய ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்த தவ்ஃபீக் நிஜாமுத்தீனின் பெயரும் அந்நியர் பட்டியலில் சேர்ந்தது என்றால் எவ்வளவு கண்ணை மூடிக்கொண்டு வேலை பார்த்தார்கள் என்று புரியும்.

இப்படி ஆனவர்களில் இரண்டு வகை. பதிவேட்டில் "அந்நியர்" என்று எழுதப்பட்டவர்கள் 'அஜானிப்'. அவர்களுக்குச் சிவப்பு நிற அட்டை ஒன்று உண்டு. அதை வைத்துக்கொண்டு நிலம் வாங்க முடியாது, ஓட்டுப் போட முடியாது, பாஸ்போர்ட் கிடைக்காது, அரசு வேலை கிடையாது. டமாஸ்கஸுக்குப் போய் லாட்ஜில் ஓர் இரவு தங்கக்கூடப் பாதுகாப்புத் துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர்கள் 'மக்தூமீன்', அதாவது மறைக்கப்பட்டவர்கள். அவர்களிடம் அந்த அட்டைகூட இல்லை. "இவர் எங்கள் ஊர்க்காரர்தான்" என்று ஊர்த் தலைவரான முக்தார் எழுதிக் கொடுக்கும் வெள்ளைத்தாள் மட்டும். பிள்ளை பள்ளியில் படிக்கலாம், படித்து முடித்தால் சான்றிதழ் வாங்குவது பெரும்பாடு. இந்த நிலை பிள்ளைக்கும் பேரனுக்கும் இறங்கும் என்பதால் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. 2011 வாக்கில் மூன்று லட்சம் பேர் என்று மதிப்பிட்டார்கள்.

ஆகவே சிரியாவின் குர்து கட்சிகள் முதலில் கேட்டது தனி நாட்டை அல்ல, இந்தக் காகிதத்தை. அடுத்தது மொழி. குர்து மொழியில் பாடம் கிடையாது. அலுவலகத்தில் குர்து பேசக் கூடாது என்று 1980-களில் ஆணையே வந்தது. குழந்தைக்குக் குர்து பெயர் வைத்தால் பதிவதில் சிக்கல். மார்ச் 21 நௌரூஸ் பண்டிகைக்கு நெருப்பு மூட்டினால் போலீஸ் வந்து நிற்கும்.

இப்போது கைதுகளுக்கு வருவோம்.

2002 டிசம்பர் 10, மனித உரிமை நாள். தடை செய்யப்பட்ட குர்து கட்சிகளில் ஒன்றான யெகிட்டியைச் சேர்ந்தவர்கள் டமாஸ்கஸ் நாடாளுமன்றத்தின் முன் கூடினார்கள். ஐந்து நாள் கழித்து அந்தக் கட்சியின் இரண்டு தலைவர்கள், மர்வான் உஸ்மானும் ஹசன் சாலிஹும் கைது செய்யப்பட்டார்கள். தீர்ப்பு வந்தது 2004 பிப்ரவரியில். மூன்று வருடத் தண்டனை, உடனே 14 மாதமாகக் குறைப்பு. அதற்குள் 14 மாதம் உள்ளேதான் இருந்திருந்தார்கள், ஆகவே வெளியே விட்டார்கள். முதலில் அடைத்து வை, எத்தனை நாள் அடைத்தோமோ அதைப் பின்னால் தண்டனையாக எழுதிக்கொள் என்ற இந்தக் கணக்கு அங்கே சகஜம்.

2003 ஜூன் 25 அன்று நடந்ததைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். குர்து குடும்பங்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டமாஸ்கஸில் உள்ள யுனிசெஃப் அலுவலகத்துக்குப் போனார்கள். குழந்தைகளுக்கான ஐ.நா. அமைப்பு ஆயிற்றே, குழந்தைகளுக்குக் குடியுரிமையும் தாய்மொழிக் கல்வியும் வேண்டும் என்று அங்கே போய்க் கேட்பதை விட அடக்கமான போராட்டம் வேறு என்ன இருக்க முடியும்? கூட்டத்தைக் கலைத்து ஆட்களைப் பிடித்தார்கள். அதில் 7 பேர் மீது வழக்கு ஓடியது. குற்றச்சாட்டு, 'ரகசிய அமைப்பில் உறுப்பினராக இருந்தது', 'சிரியாவின் ஒரு பகுதியைத் துண்டித்து அந்நிய நாட்டோடு இணைக்க முயன்றது'. யுனிசெஃப் வாசலில் பிள்ளைகளோடு நின்றவர்கள் எந்தப் பகுதியை வெட்டி எந்த நாட்டோடு ஒட்டப் போனார்கள் என்று தீர்ப்பு விளக்கவில்லை. ஒரு வருடம் கழித்து மூன்று பேருக்கு இரண்டு வருடச் சிறை. மற்றவர்களுக்கு ஒரு வருடம், அதைத்தான் ஏற்கனவே கழித்தாயிற்றே என்று விடுதலை.

அந்தக் கூட்டத்தைப் படம் எடுத்தவர் மசூத் ஹமீத், டமாஸ்கஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்த மாணவர். படங்களை ஜெர்மனியிலிருந்து நடந்த ஒரு குர்து இணையதளத்தில் போட்டார். ஒரு மாதம் கழித்து, ஜூலை 24 அன்று, அவர் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தபோது பாதுகாப்புத் துறை ஆட்கள் ஹாலுக்குள் வந்து, மற்ற மாணவர்கள் பார்க்கப் பார்க்க அவரைக் கொண்டுபோனார்கள். அவரைப் பிடிக்க வேறு நேரமா இல்லை? வீட்டிலோ விடுதியிலோ பிடித்திருக்கலாம். இதழியல் படிக்கும் இன்னொரு இருபது, முப்பது பேர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் பரீட்சை ஹால் என்று நினைக்கிறேன். 2004 அக்டோபரில் அவருக்கு மூன்று வருடச் சிறை, அதே 'துண்டாட முயன்ற' பிரிவில். டமாஸ்கஸ் அருகே உள்ள அத்ரா சிறையில் தனிக்கொட்டடி, சித்திரவதை. உள்ளே இருக்கும்போதே 2005-இல் எல்லைகளற்ற செய்தியாளர்கள் அமைப்பு இணையச் சுதந்திரத்துக்கான பரிசை அவருக்குக் கொடுத்தது. 2006-இல் வெளியே வந்தார்.

எந்த நீதிமன்றம் இப்படித் தீர்ப்பளித்தது என்று கேட்பீர்கள். 1968-இல் உருவான அரசுப் பாதுகாப்பு உச்ச நீதிமன்றம். 1963 மார்ச்சிலிருந்து அமலில் இருந்த அவசர நிலைதான் அதற்கு முதுகெலும்பு. அங்கே அப்பீல் கிடையாது. வழக்கமான நீதிமன்ற நடைமுறை எதற்கும் அது கட்டுப்படவில்லை. ஒரு வழக்கு என்பது பெரும்பாலும் நான்கு வாய்தா. முதல் வாய்தாவில் குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேள்வி, இரண்டாவதில் அரசுத் தரப்பு, மூன்றாவதில் வக்கீல் எழுத்தில் கொடுக்கும் பதில், நான்காவதில் தீர்ப்பு. ஒவ்வொன்றும் சில நிமிடம்தான். வக்கீல் தன் கட்சிக்காரரை முதன்முதலாகப் பார்ப்பதே பல நேரம் அந்த நீதிமன்ற ஹாலில்தான். குடும்பத்தாருக்கு உள்ளே இடமில்லை. "என்னை அடித்துத்தான் இந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கினார்கள்" என்று கைதி சொன்னால் நீதிபதி அதை விசாரிக்க உத்தரவிட மாட்டார், வழக்கு அப்படியே அடுத்த வாய்தாவுக்கு நகரும்.

குற்றவியல் சட்டத்தில் நான்கைந்து பிரிவுகள் மட்டும் திரும்பத் திரும்ப வரும். 267 என்றால் நாட்டின் பகுதியைத் துண்டித்தல். 285 தேசிய உணர்வைப் பலவீனப்படுத்துதல். 286 அந்த உணர்வைக் குலைக்கும் பொய்ச் செய்தி. 307 இனப் பிரிவினையைத் தூண்டுதல். "நான் குர்து, எனக்கும் இங்கே உரிமை உண்டு" என்ற ஒரு வரியை இந்த நான்கில் எதில் வேண்டுமானாலும் போட்டுவிடலாம். தேசிய உணர்வு பலவீனமானதை எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று கேட்கக் கூடாது.

அடிதடிக்கு வருவோம். அசாத் ஆட்சிக்காலச் சிரியாவில் 'முக்காபராத்' என்று பொதுவாகச் சொன்ன உளவுத்துறை ஒன்றல்ல. ராணுவ உளவு, விமானப்படை உளவு, அரசியல் பாதுகாப்பு, அரசுப் பாதுகாப்பு என்று தனித்தனி அமைப்புகள். யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம், பிடித்ததைச் சொல்ல வேண்டியதில்லை. "ஒரு கப் காபி குடிக்க வாங்க" என்று கூப்பிடுவார்கள் என்பது சிரியர்களின் கசப்பான ஜோக். காபி குடிக்கப் போனவர் சில மணி நேரத்தில் வரலாம், சில வருடம் கழித்தும் வரலாம். உள்ளே நடப்பதற்கும் பெயர்கள் உண்டு. 'துலாப்' என்றால் டயர். ஆளை மடக்கி டயருக்குள் திணித்து அடிப்பது. 'ஃபலக்கா' உள்ளங்காலில் அடிப்பது. 'ஜெர்மன் நாற்காலி' என்பது முதுகெலும்பைப் பின்னால் வளைக்கும் இரும்பு நாற்காலி. வெளியே வந்த கைதிகள் வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு ஊர்களில், ஒருவரை ஒருவர் அறியாமல் இதே பெயர்களைச் சொல்லியிருக்கிறார்கள்.

இதில் சட்டம் எங்கே என்றால், சட்டம்தான் காவல். 1969-ஆம் வருடத்து 14-ஆம் எண் ஆணைப்படி, அரசுப் பாதுகாப்புத் துறை ஊழியர் பணியின்போது செய்த குற்றத்துக்கு மேலதிகாரி அனுமதி இல்லாமல் வழக்குப் போட முடியாது. போதாதென்று 2008-இல் 69-ஆம் எண் ஆணை வந்து போலீசுக்கும் அரசியல் பாதுகாப்புத் துறைக்கும் இதே கவசத்தை மாட்டிவிட்டது. அடித்தவனின் மேலதிகாரி கையெழுத்துப் போட்டால்தான் அடித்தவன் மேல் வழக்கு. எந்த மேலதிகாரி போடுவார்?

2004 எல்லாவற்றையும் மோசமாக்கியது. மார்ச் 12, வடகிழக்கில் குர்துகள் அதிகம் வாழும் காமிஷ்லி ஊர் மைதானத்தில் உள்ளூர் ஜிஹாத் அணிக்கும் தெய்ர் எஸ்ஸோர் ஊரின் ஃபுதுவ்வா அணிக்கும் கால்பந்து. வெளியூரிலிருந்து வந்த ரசிகர்கள், ஈராக்கில் குர்துகளை ஒடுக்கிய சதாம் உசேனின் படத்தைத் தூக்கிக்கொண்டு குர்து தலைவர்களைத் திட்டினார்கள். பதிலுக்கு இவர்கள் திட்ட, கல்வீச்சு ஆயிற்று. பாதுகாப்புப் படை குர்துகள் பக்கம் சுட்டது. மறுநாள் சவ ஊர்வலத்திலும் துப்பாக்கிச் சூடு. ஆத்திரம் மற்ற குர்து ஊர்களுக்கும் பரவியது. அரசுக் கட்டடங்கள் தாக்கப்பட்டன, அதை மறைக்க வேண்டியதில்லை. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், பெரும்பாலும் குர்துகள். இரண்டாயிரத்துக்கும் மேல் கைது. கல்லெறிந்தவன், எறியாதவன், அந்த வாரம் ஊரிலேயே இல்லாதவன் என்ற வித்தியாசம் பார்க்கவில்லை. பிடித்த குர்துகளில் குறைந்தது 5 பேர் அந்த வருடம் சித்திரவதையால் இறந்ததாகத் தகவல் வந்தது என்று மனித உரிமை அமைப்பான அம்னஸ்டி பதிவு செய்தது. 2005 மார்ச் இறுதியில் 312 குர்துகளுக்குப் பொது மன்னிப்பு என்று ஹஃபீஸுக்குப் பின் அதிபரான அவர் மகன் பஷார் அல் அசாத் அறிவித்தார். எதற்கு மன்னிப்பு, அவர்கள் செய்தது என்ன என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு.

ஷேக் மஷூக் கஸ்னவியின் மரணமும் அதே 2005-இல்தான். பரம்பரை பரம்பரையாகச் சூஃபி மதகுருமார் குடும்பம், அரபுகளிடமும் மரியாதை உள்ளவர். 2004-க்குப் பிறகு குர்துகளின் உரிமை பற்றி மேடையில் வெளிப்படையாகப் பேச ஆரம்பித்தார். 2005 மே 10 அன்று டமாஸ்கஸில் காணாமல் போனார். ஜூன் 1 அன்று சடலம் கிடைத்தது, தெய்ர் எஸ்ஸோரில். கிரிமினல் கும்பலின் வேலை என்றது அரசு. உடம்பில் சித்திரவதைத் தழும்புகள் இருந்ததாகச் சொன்ன குடும்பம் கடைசிவரை அதை ஏற்கவில்லை.

எனக்கு இந்த வரிசையில் மிக உறுத்துவது மஷால் தம்மோவின் வழக்கு. விவசாயப் பொறியாளர். 2005-இல் குர்து எதிர்கால இயக்கம் என்ற சிறு கட்சியைத் தொடங்கினார். மற்ற குர்து கட்சித் தலைவர்களிடமிருந்து அவர் வேறுபட்டது ஓர் இடத்தில். குர்துகளின் பிரச்சினையைச் சிரியா முழுவதன் ஜனநாயகத்தோடு சேர்த்தே பேசினார், அரபு எதிர்க்கட்சிக்காரர்களோடு தோழமை வைத்திருந்தார். 2008 ஆகஸ்ட் 15 அதிகாலையில் கொபானியிலிருந்து அலெப்போவுக்குக் காரில் போனவர் போய்ச் சேரவில்லை. வழியில் மறித்துப் பிடித்திருந்தார்கள். எங்கே என்று குடும்பம் கேட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத்தான் அத்ரா சிறையில் இருக்கிறார் என்று தெரிந்தது. முதலில் போட்ட பிரிவுகளில் ஒன்று உள்நாட்டுப் போரைத் தூண்டியது, அதற்கு மரண தண்டனை வரை கொடுக்கலாம். கடைசியில் 2009 மே மாதம் நிலைத்தது இரண்டுதான். தேசிய உணர்வைப் பலவீனப்படுத்தியது, பொய்ச் செய்தி. மூன்றரை வருடம். அவர் வழக்கை நடத்தியது நான் முன்னே சொன்ன சிறப்பு நீதிமன்றம்கூட இல்லை, டமாஸ்கஸின் சாதாரண குற்றவியல் நீதிமன்றம். இன்னொரு குர்து கட்சியான ஆசாதியின் முஸ்தஃபா ஜும்ஆவுக்கும் அதே வருடம் நவம்பரில் அதே நகரத்தின் குற்றவியல் நீதிமன்றம் மூன்று வருடம் கொடுத்தது. 2009 டிசம்பரில் முன்பு சொன்ன யெகிட்டி தலைவர் ஹசன் சாலிஹ் மறுபடியும் கைது. வயது ஏறியதே தவிர வேறெதுவும் மாறவில்லை.

தம்மோ 2011 ஜூன் தொடக்கத்தில், அசாத் ஆட்சிக்கு எதிரான எழுச்சி நடந்துகொண்டிருந்தபோது வெளியே வந்தார். அக்டோபர் 7 வெள்ளிக்கிழமை, காமிஷ்லியில் அவர் இருந்த வீட்டுக்குள் முகமூடிக்காரர்கள் புகுந்து சுட்டுக் கொன்றார்கள். மகன் மார்செலுக்கும் குண்டுக்காயம். மறுநாள் இறுதி ஊர்வலத்தில் ஐம்பதாயிரம் பேர் என்றார்கள். அந்தக் கூட்டத்தின் மீதும் சுட்டார்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் பாதிக் கதை சொன்னவனாவேன். 2012-இல் அசாத்தின் படை அந்தப் பகுதியிலிருந்து விலகியதும் அதிகாரம் பி.ஒய்.டி. என்ற குர்து கட்சியின் கைக்குப் போனது, இது பி.கே.கே. வழி வந்தது. அதன் ஆட்சியிலும் எதிர்க்கட்சி குர்துகள் சிறைக்குப் போனார்கள். 2013 ஜூனில் ஆமூதா ஊரில் கைதுகளைக் கண்டித்து நடந்த போராட்டத்தின் மீது குர்து படையே சுட்டதில் ஆட்கள் இறந்தார்கள். 2016 ஆகஸ்டில் எதிர்க்கட்சிக் கூட்டணியான குர்து தேசிய மன்றத்தின் தலைவர் இப்ராஹிம் பிரோவைப் பிடித்து எல்லை தாண்டி ஈராக் பக்கம் கொண்டுபோய் விட்டார்கள். அசாத்தின் கொட்டடிகளோடு இதைச் சமமாக நிறுத்தினால் அளவு தெரியாமல் பேசியதாகிவிடும். ஆனால் அடைத்தவர்களும் குர்து, அடைபட்டவர்களும் குர்து என்பதால் அது கைது இல்லை என்று ஆகிவிடாது.

மற்ற நாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை, நீங்கள் கேட்பீர்கள் என்பதால். துருக்கியில் லெய்லா ஸானா என்ற குர்து எம்.பி. 1991-இல் நாடாளுமன்றப் பதவியேற்பின்போது குர்து மொழியில் ஒரு வாக்கியம் சேர்த்துச் சொன்னதில் தொடங்கியது அவருக்குப் பிரச்சினை. 1994 முதல் 2004 வரை பத்து வருடம் சிறை. குர்து ஆதரவுக் கட்சித் தலைவர் செலாஹத்தின் தெமிர்தாஷ் 2016 நவம்பரில் கைதானார். அவரை விடுவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பெரிய அமர்வு 2020-இல் சொல்லியும் கேட்கவில்லை, 2024-இல் 42 வருடத் தண்டனை வந்தது. ஈரானில் ஃபர்ஸாத் கமாங்கர் என்ற குர்து பள்ளி ஆசிரியரை 2010 மே மாதம் தூக்கில் போட்டார்கள். ஒவ்வொன்றும் தனிப் பதிலுக்கான விஷயம்.

மறுபடி சிரியாவுக்கு. அந்த யுனிசெஃப் வாசலில் கேட்டது கிடைத்ததா என்றால், பாதி கிடைத்தது. 2011 மார்ச்சில் தெற்கே தரா ஊரில் எழுச்சி வெடித்தது. குர்துகளும் சேர்ந்துவிட்டால் சமாளிக்க முடியாது என்ற பயம். ஏப்ரல் 7 அன்று பஷார் 49-ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். ஹஸகாவின் அஜானிப் எல்லாரும் இனி சிரியக் குடிமக்கள். 49 வருடமாக முடியாது, ஆய்வில் இருக்கிறது, குழு அமைத்திருக்கிறோம் என்று இழுத்தது ஒரே நாளில் முடிந்தது. கேட்டவர்களை 267-ஆம் பிரிவில் உள்ளே தள்ளிய அதே கோரிக்கைதான், வார்த்தைகூட மாறவில்லை. சிவப்பு அட்டைக்காரர்கள் பதிவு அலுவலகத்துக்குப் போய் விண்ணப்பம் கொடுத்து அடையாள அட்டை வாங்கினார்கள்.

மக்தூமீன் அந்த ஆணையில் இல்லை. அவர்கள் முக்தார் கொடுத்த வெள்ளைத்தாளோடு வீட்டிலேயே இருந்தார்கள்.